ஒண்ணுமில்லைக்காரர் போட்ட கோடு

நோயாளியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் பல தினுசு உண்டு. அழுவதற்கென்றே வருகிறவர்கள், ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்து தாங்களே உரித்துத் தின்றுவிட்டுப் போகிறவர்கள், தங்களுக்கு எப்போதோ நடந்த ஆபரேஷனைச் சட்டையைத் தூக்கி வார்டு முழுவதற்கும் காட்டிவிட்டுப் போகிறவர்கள். இவர்களால் பெரிய ஆபத்து இல்லை. நேரமானால் போய்விடுவார்கள். நான் சொல்ல வந்தது வேறு தினுசு. அவருக்கு நான் வைத்திருக்கிற பெயர் ஒண்ணுமில்லைக்காரர்.

தெரியாது என்று சொல்லாதீர்கள். உங்களுக்கும் அவரைத் தெரியும். வார்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, கட்டிலில் கிடப்பது யார், கட்டு கையிலா காலிலா என்றுகூடப் பார்க்காமல், "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வருவாரே, அவரேதான். எக்ஸ்ரே படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பார். ஒண்ணுமில்ல. ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோவார், எட்டக் கொண்டுபோவார், மடித்துத் திருப்பிக் கொடுப்பார். ஒண்ணுமில்ல. டாக்டராவது நாலு பரிசோதனை எடுத்த பிறகுதான் வாயைத் திறக்கிறார். இவருக்கு அந்தத் தாமதம் எல்லாம் கிடையாது.

இவர் கையிருப்பில் எப்போதும் ஒரு நண்பர் இருப்பார். "என் ஃபிரண்டு ஒருத்தனுக்கு இதே மாதிரிதான். கால் இந்தத் தண்டிக்கு வீங்கிப்போச்சு. வீட்ல எல்லாரும் அழுதுட்டாங்க. இப்ப என்ன பண்றான்னு நினைக்கிறீங்க? ஃபுட்பால் ஆடறான்." உங்களுக்கு நெஞ்சு அடைத்தால் நெஞ்சு அடைத்துப் பிழைத்த நண்பர், சிறுநீரில் கல் என்றால் கல் விழுந்த நண்பர். இந்த நண்பர்களில் ஒருவரையாவது யாராவது கண்ணால் பார்த்ததுண்டா? எல்லோரும் ஒரே ஊரில் கூடிக் குடியிருந்துகொண்டு சாயங்காலம் ஃபுட்பால் ஆடுகிறார்கள் போலிருக்கிறது.

எங்கள் குடும்பத்துக்கு வாய்த்த ஒண்ணுமில்லைக்காரர் என் தங்கச்சியின் வீட்டுக்காரர். எனக்கு மாப்பிள்ளை. தொழில், வீட்டுத் தரகு. அந்தத் தொழிலில் இந்த வார்த்தை இல்லாமல் ஒரு பூட்டைக்கூடத் திறக்க முடியாது. "சுவத்துல ஈரமா சார்? ஒண்ணுமில்ல, முன்னாடி இருந்தவங்க துணி காயப் போட்டிருப்பாங்க." "கூரையில விரிசலா? ஒண்ணுமில்ல, ஒரு கோட் பெயின்ட் அடிச்சா தெரியாது." தெரியாமல் போவதுதான் சரியாவது என்பது அவருடைய சித்தாந்தம். ஈரம் இருந்தால் என்ன, கண்ணுக்குத் தெரிகிறதா? அப்புறம் என்ன. இப்படிப் பல வருஷம் மற்றவர் வீட்டுச் சுவரிடம் சொல்லிப் பழகியதை மனுஷர்களிடம் சொல்ல ஆரம்பித்தார். சுவர் பதில் சொன்னதில்லை. அதனால் அவருக்கும் ஒரு கெட்ட பெயர் வந்ததில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆள் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் எப்போதோ கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருக்கலாம். ராத்திரி பகல் பாராமல் கூப்பிட்ட குரலுக்கு வந்து நிற்பார். அழுகிற முகத்தைப் பார்த்தால் அவருக்குத் தாங்காது. அழுகையை எப்படியாவது நிறுத்திவிட வேண்டும், அவ்வளவுதான். அது எதனால் வந்தது என்பதில் அவருக்கு அக்கறை கிடையாது.

என் அக்கா வீட்டுக்காரர் தையல்காரர். நான் மாமா என்று கூப்பிடுவேன். நீண்ட நாளாகச் சர்க்கரை வியாதி. பாதத்தில் உணர்ச்சி சுத்தமாக மங்கிப்போயிருந்தது. செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாமல் கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பி வந்து தேடுகிற ஆள். இப்படிப்பட்டவர் வெறுங்காலோடு மிஷின் பெடலை மிதித்துக்கொண்டிருக்கிறார், தரையெல்லாம் குண்டூசி. என்ன நடக்கும்? ஒருநாள் மத்தியானம் கட்டிலில் காலை நீட்டிப் படுத்தவரின் உள்ளங்காலில் என்னவோ மினுங்குகிறதே என்று அக்கா குனிந்து பார்த்திருக்கிறாள். குண்டூசியின் தலை. உடம்பு முழுக்க உள்ளே.

"என்னங்க, கால்ல ஊசி நிக்குது."

"அப்படியா," என்றார் மாமா. அவ்வளவுதான். வேறு யாருடைய காலிலோ நிற்கிற மாதிரி.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரை வைத்தார், அதே விரலால் ஊசியைப் பிடுங்கினார், பேன்ட்டில் துடைத்தார், வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். "இவ்வளவுதான் அக்கா. ஒண்ணுமில்ல." ஓட்டையின் மேல் கொஞ்சம் முகப்பவுடரை அப்பிவிட்டு மிச்ச டீயைக் குடித்தார்.

அப்புறம் பாதம் சிவந்தது, வீங்கியது, தோல் பளபளவென்று பலூன் மாதிரி இழுத்துக்கொண்டது, தொட்டால் சுட்டது, மாமாவுக்குக் குளிர்காய்ச்சல் வந்து பல் தந்தி அடித்தது. இதில் ஒவ்வொரு கட்டத்திலும் மாப்பிள்ளை வந்து பார்த்து என்ன சொன்னார் என்று நான் எழுத வேண்டியதில்லை. கடைசியில் நான்தான் மாமாவை வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டர் பார்த்தார். தோலுக்கு அடியில் கிருமி பரவுகிறது, சர்க்கரையும் ஏகத்துக்கு ஏறிக் கிடக்கிறது, இது மேலே ஏறினால் காலுக்கே வேட்டு, பார்க்கலாம் என்றார். அந்தப் 'பார்க்கலாம்' எனக்குப் பிடிக்கவில்லை.

வார்டில் ஒரு நர்ஸ் இருந்தார். தடிமனான கண்ணாடி, அதைவிடத் தடிமனான குரல். அங்கே எல்லோரும் அவரைக் கண்ணாடி சிஸ்டர் என்றுதான் சொன்னார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பார், வயிற்றில் இன்சுலின் போடுவார், மருந்து பாட்டில் சொட்டுகிறதா என்று நிமிர்ந்து பார்ப்பார், காலை இரண்டு தலையணை மேல் தூக்கி வைப்பார், கட்டு மாற்றும்போது விரல் இடுக்கையெல்லாம் ஈரம் இல்லாமல் ஒற்றி எடுப்பார். கட்டிலுக்குப் பக்கத்தில் யார் வந்தாலும், "கை கழுவியாச்சா?" என்ற ஒரே கேள்வி. டாக்டர் வந்தாலும் அதே கேள்விதான் என்று பக்கத்துக் கட்டில்காரர் சொன்னார்.

முதல் நாளே அவர் ஒரு காரியம் செய்தார். பேனாவை எடுத்து, மாமாவின் காலில் சிவப்பு எங்கே முடிகிறதோ அந்த விளிம்பைச் சுற்றி, கணுக்காலுக்கு மேலே வளைந்து வளைந்து ஒரு கோடு போட்டார்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. செவப்பு இந்தக் கோட்டுக்கு உள்ள வாங்குச்சுன்னா மருந்து கேக்குதுன்னு அர்த்தம். கோட்டைத் தாண்டுச்சுன்னா உடனே என்னையோ டியூட்டில இருக்கிறவங்களையோ கூப்பிடணும். அப்புறம் சொல்லிக்கலாம்னு உக்காந்திருக்கக் கூடாது. இவருக்கு வலி தெரியாது. வலி சொல்ல வேண்டியதை இந்தக் கோடுதான் சொல்லும்."

நான் டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிறவன். ட்யூபைத் தண்ணீரில் அமுக்கினால் ஓட்டை எங்கே என்று குமிழி சொல்லிவிடும். மனுஷக் காலை எந்தத் தண்ணீரில் அமுக்குவது? அதற்குத்தான் இந்தக் கோடு என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. மாப்பிள்ளைக்கும் ஏதோ விளங்கியது. தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"கொஞ்சம் கோணலா இருக்கே சிஸ்டர்."

"இது மனைப்படம் இல்லீங்க," என்றார் கண்ணாடி சிஸ்டர்.

ராத்திரிக்கு அக்கா, காலையில் தங்கச்சி, கடையைச் சாத்திவிட்டு நான் என்று முறை போட்டுக்கொண்டோம். மத்தியானத்துக்கு ஆள் இல்லை. "மத்தியானம் நான் இருக்கேன், நீங்கள்லாம் போய்ப் படுங்க, ஒண்ணுமில்ல," என்றார் மாப்பிள்ளை. எனக்கு அதில் இஷ்டமில்லை. ஆனால் வெயில் நேரத்தில் வீட்டுத் தரகரைத் தவிர வேறு யார் சும்மா இருப்பார்கள்?

இரண்டாம் நாள் மத்தியானம் நடந்ததை அப்புறம் அவர் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொண்டேன். மாமா தலையணையில் சாய்ந்து காலையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். தையல்காரர் கண், நூலளவு விலகினாலும் தெரிந்துவிடும்.

"சகலை, இங்க பாரு. செவப்பு கோட்டைத் தாண்டின மாதிரி இல்ல?"

"எங்க? ஒண்ணுமில்ல. வெளிச்சம் அப்படித் தெரியுது."

"வெளிச்சமா? ரெண்டு விரக்கடை தாண்டியிருக்கு. சிஸ்டரைக் கூப்பிடு."

"அவங்களே இப்பதான் சாப்பிட உக்காந்திருப்பாங்க. நீங்க எதுக்கு இப்படிப் பயப்படறீங்க? பயந்தா சக்கரை ஏறும். என் ஃபிரண்டு ஒருத்தன் பயந்து பயந்தே..."

"உன் ஃபிரண்டை விடு. எனக்குக் கால் வேணும் சகலை. மிஷினை நீயா வந்து மிதிப்ப?"

இப்படிச் சொல்லும்போது மாமாவின் குரல் உடைந்துவிட்டதாம். ஒண்ணுமில்லைக்காரரால் தாங்க முடியாத இடம் இது. நியாயமாகப் பார்த்தால் எழுந்து நாலு எட்டு நடந்து நர்ஸைக் கூப்பிட்டிருக்க வேண்டும். என்ன செய்தார் தெரியுமா? கொண்டுவந்திருந்த கேக்கில் ஒரு துண்டு ஊட்டினார், ஆமாம், சர்க்கரை நோயாளிக்கு, மனசு தெம்பாக இருக்கட்டும் என்று. நெற்றியைத் தடவிக்கொடுத்தார். காய்ச்சல் அசதியில் மாமா கண்ணயர்ந்தார். உடனே நம் ஆள் கட்டில் ஓரத்தில் இருந்த கை துடைக்கிற ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து, சிஸ்டர் போட்ட கோட்டைச் சுத்தமாகத் துடைத்தார். சட்டைப் பையில் பேனா இல்லாத தரகர் உண்டா? எடுத்தார். சிவப்பு முடிந்த இடத்துக்கும் மேலே, தாராளமாக இடம் விட்டு, நல்ல நேர்க்கோடாக, வீட்டு மனைக்கு எல்லை போடுகிற மாதிரி புதிதாக ஒரு கோடு போட்டார்.

நோயைக் குணப்படுத்த முடியாவிட்டால் என்ன, கோட்டைக் குணப்படுத்தலாம் அல்லவா?

சாயங்காலம் நானும் அக்காவும் போனபோது கண்ணாடி சிஸ்டர் முறை முடிந்து போயிருந்தார், வார்டில் ஒரே கொண்டாட்டம். மாமா எழுந்து சாய்ந்து உட்கார்ந்திருந்தார்; காய்ச்சல் மயக்கத்தில் அந்தத் தையல்காரர் கண்ணுக்குக்கூடக் கோணல் கோடு நேரானது படவில்லை. "மச்சான், பாத்தியா, கோட்டுக்கு உள்ள எறங்கிடுச்சு. மருந்து கேக்குதுய்யா." அக்கா அந்தக் காலைப் பார்த்துக் கும்பிடப் போனாள், காலில் விழுவது மாதிரி ஆகிவிடுமே என்று பாதியில் நிறுத்திக்கொண்டாள். பக்கத்துக் கட்டில்காரர் எட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். நானும்தான். மாப்பிள்ளை ஜன்னல் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு, விற்காத வீட்டை விற்றுவிட்டவர் மாதிரி நின்றார். "நான்தான் சொன்னேனே," என்றார். ராத்திரி முறைக்கு வந்த நர்ஸ் புதிது, இளம்பெண். காய்ச்சல் குறையவில்லையே என்று முகத்தைச் சுருக்கினாள். சர்க்கரையைக் குத்திப் பார்த்து இன்னும் சுருக்கினாள். அப்புறம் காலைப் பார்த்தாள். "கோட்டுக்கு உள்ளதான் இருக்கு, பரவாயில்ல," என்று மாத்திரையும் இன்சுலினும் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அவளுக்கு வந்து சேர்ந்தது வெறும் கோடு மட்டும்.

காலையில், கடை திறக்கும் முன் நான் எட்டிப் பார்க்கப் போயிருந்தபோது, கண்ணாடி சிஸ்டர் வந்தார். போர்வையை விலக்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"நான் போட்ட கோடு எங்க?"

"அதான் இருக்கே சிஸ்டர்," என்றாள் அக்கா.

"இது நான் போட்டதில்ல. நான் போட்டது கணுக்காலுக்கு மேல நாலு விரக்கடை. இது முழங்காலுக்குப் பாதி வழியில நிக்குது. யார் போட்டது?"

அன்றைக்குப் பார்த்து மாப்பிள்ளை சீக்கிரமே வந்திருந்தார். பையில் பேனா வேறு.

"ஒண்ணுமில்ல சிஸ்டர். மனுஷன் ரொம்பப் பயந்துட்டார். அதான் கொஞ்சம் தள்ளிப் போட்டேன். ஒரு தைரியத்துக்கு."

கண்ணாடி சிஸ்டர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். "எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டார். அவர் சொன்னதும் விரலால் எதையோ கணக்குப் பார்த்தார். பழைய கோடு இருந்த இடத்தில் தேய்ந்த நீலம் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதில் தொடங்கி அரை ஜாண் அளவுக்கு வெளியே வரைக்கும் சிவப்பு. அமுக்கினார். பாதத்தில் சுண்டுவிரல் பக்கம் தோலுக்கு அடியில் மெத்தென்று என்னவோ நகர்ந்தது. திரும்பி ஓட்டமாகப் போய் டாக்டரோடு வந்தார்.

அதற்குப் பிறகு எல்லாமே வேகம். மருந்தை மாற்றினார்கள், சக்கரக் கட்டிலைக் கொண்டுவந்தார்கள், சீழைக் கீறி எடுக்க வேண்டும், எதுவரைக்கும் போயிருக்கிறது என்று உள்ளே பார்த்தால்தான் தெரியும், முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வந்தாலும் வரலாம் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு வெளி பெஞ்சில் உட்கார்ந்தாள். மாமா போகும்போது என்னைப் பார்த்து, "மிஷினுக்கு எண்ணெய் போட்டு வை மச்சான், துருப்பிடிச்சிடும்," என்றார். அவருக்கு எல்லாம் புரிந்திருந்தது. யார் மேலும் கோபப்பட நேரம் இல்லை போலிருக்கிறது.

அந்த வெளி நடையில் மாப்பிள்ளை ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பார்த்த வரையில் அவர் அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தது அதுதான் முதல் தடவை. சுவரைப் பார்த்து நின்றுகொண்டு தோளைக் குலுக்கிக்கொண்டிருந்தார். அழுகிறார் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. போய் "ஒண்ணுமில்ல" என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

கால் தப்பியது. சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் போயின. டாக்டர் வெளியே வந்து, ராத்திரியே பார்த்திருந்தால் வெறும் கீறலோடு போயிருக்கும் என்றார்.

உயிர் திரும்பியதும் பழக்கமும் திரும்பிவிடும் அல்லவா? மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நல்லவேளை அக்கா. ரெண்டு விரல்தான? ஒண்ணுமில்ல."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப உங்களோடது ரெண்டைக் கழட்டிக் கொடுத்துட்டுப் போங்க தம்பி. ஒண்ணுமில்லதான?"

இனி அவரை வார்டு பக்கமே விடக் கூடாது என்று நான் முடிவு செய்திருந்தேன். கண்ணாடி சிஸ்டர் வேறு மாதிரி முடிவு செய்தார். "மத்தியானம் அவர்தான இருக்கிறவர்? அவரே இருக்கட்டும். கோடு போடறதுல ஆசை உள்ளவர்." அன்றிலிருந்து மாப்பிள்ளைக்கு உத்தியோகம் கிடைத்தது. கை கழுவ வேண்டும், சிஸ்டர் போட்ட கோட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும், சிவப்பைப் பார்க்க வேண்டும், சூட்டைப் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும், கட்டு நனைந்திருக்கிறதா, வாடை அடிக்கிறதா என்று பார்க்க வேண்டும், சிஸ்டர் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் எழுந்து நின்று சொல்ல வேண்டும்.

"எப்படி இருக்கு?"

"ஒண்ணு..."

கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை.

"கோட்டுக்கு உள்ள ஒரு விரக்கடை வாங்கியிருக்கு. சூடு கொஞ்சம் இருக்கு. கட்டு காஞ்சிருக்கு சிஸ்டர்."

"இவ்வளவுதான். சொல்றதுக்கு வலிக்குதா?"

வலித்தது என்று நினைக்கிறேன். வேர்த்துவிட்டது அவருக்கு. மாமா தலையணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். மாப்பிள்ளை "ஒண்ணுமில்ல" என்று சொன்ன நாளில் தூங்காமல் காலையே பார்த்துக் கிடந்த மனுஷன், "சூடு கொஞ்சம் இருக்கு" என்று அவர் சொன்ன பிறகு நிம்மதியாகத் தூங்கினார்.

வீட்டுக்கு அனுப்பும்போது கண்ணாடி சிஸ்டர் எங்கள் எல்லோரையும் நிற்க வைத்துப் பாடம் எடுத்தார். தினமும் உள்ளங்காலை முகக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும், விரல் இடுக்கை உலர்த்த வேண்டும், வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது, செருப்பை உதறிவிட்டு மாட்ட வேண்டும், கால் மரத்திருக்கிறதே என்று வெந்நீரில் வைக்கக் கூடாது, மருந்தைப் பாதியில் நிறுத்தக் கூடாது. எல்லோரும் தலையாட்டினோம்.

இப்போது உங்களிடம் வருகிறேன். இவ்வளவு நேரம் மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்தீர்கள். உங்கள் பெரியப்பாவையோ, பக்கத்து வீட்டுக்காரரையோ, ஆபீஸில் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவரையோ நினைத்துக்கொண்டுதான் சிரித்திருப்பீர்கள். சரி. புத்தகத்தைக் கொஞ்சம் கீழே வையுங்கள். செருப்பைக் கழற்றுங்கள். காலை மடித்து உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். குதிகால் வெடிப்பு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது? சுண்டுவிரல் இடுக்கில் வெள்ளையாக ஊறிக் கிடப்பது என்ன, எப்போதிலிருந்து? சர்க்கரை கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

நீங்கள் இன்னும் குனியக்கூட இல்லை. அதற்குள் வாய்க்குள் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டீர்களே, அது என் காதில் விழுந்தது.